ஸங்க்யே புந்த்ஸோகின் மாணவன்

1834ல் கல்கத்தா பாப்டிஸ்ட் மிஷன் அச்சகத்தில் அச்சான திபெத்திய-ஆங்கில அகராதி ஒன்றின் முகப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தொகுத்தவர் அலெக்ஸாண்டர் சோமா டி கோரோஷ், டிரான்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஸேக்கெய் ஹங்கேரியர். அவருடைய பெயருக்கு முன்னதாக, யார் உதவியால் அகராதி தயாரானதோ அவர் பெயர்: ஸங்க்யே புந்த்ஸோக், ஸன்ஸ்காரைச் சேர்ந்த, கற்றறிந்த லாமா. அந்த நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் இந்தத் துணைக்கண்டத்தில் தொகுத்த அகராதிகளும் இலக்கணங்களும் ஏராளம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு முன்ஷியோ பண்டிதரோ உட்கார்ந்திருந்தார். முன்னுரையின் கடைசிப் பத்தியில் 'ஒரு சுதேசிப் பண்டிதர்' என்று அவருக்கு இடம் கிடைத்தால் அதுவே அதிகம். முகப்பில் பெயர் ஏறுவது அபூர்வம். கோரோஷ்காரர் இதை ஏன் செய்தார் என்று கேட்டுக்கொண்டே அவருடைய வாழ்க்கையைத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரியர்கள் 'ச்சோமா' என்று அழுத்திச் சொல்வார்கள். நம் எழுத்தில் சோமா என்று வந்ததும் ஏதோ சோமசுந்தரத்தின் சுருக்கம் போலாகிவிடுகிறது. இருக்கட்டும்.

இவரைப் பற்றி எழுதியவர்களில் அனேகர் ஒரு தவசியைத்தான் எழுதினார்கள். 1885ல் தியோடர் டூகா எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தத் தொனியை ஆரம்பித்து வைத்தது. 1933ல் டோக்கியோவின் தைஷோ பல்கலைக்கழகத்தில் அவரை போதிசத்துவராகவே பிரகடனம் செய்துவிட்டார்கள். ஒரே நீல உடுப்பு, தரையில் படுக்கை, தேநீர், வேகவைத்த அரிசி என்று கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் வாழ்க்கையிலேயே தயாராக இருக்கின்றன. இதில் சௌகரியம் என்னவென்றால், ஒருவரைக் கும்பிட்டுவிட்டால் அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டியதில்லை. நம் இலக்கியச் சூழலில் இது நன்றாகப் பழகிப்போன காரியம். எனக்கு சோமா தவசியாகப் படவில்லை. முப்பத்தொன்பது வயதில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்த ஒரு மாணவராகத்தான் படுகிறார். அவர் போனது படிக்க அல்ல என்பதுதான் இதில் விசேஷம். மூதாதையரைத் தேடிப் போனார்.

1784ல் பிறந்தவர். அன்று ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யத்தின் கிழக்கு ஓரமாக இருந்து, இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்ஸில்வேனியாவில், கோரோஷ் என்ற சிற்றூர். ஸேக்கெய் எனப்படும் எல்லைக் காவல் குடிகள் அங்கே வாழ்ந்தார்கள். தாங்கள் அட்டிலாவின் ஹூணர்களின் நேர் வாரிசு என்று அவர்களுக்குள் ஒரு ஐதீகம். சுற்றிலும் ஜெர்மானிய, ஸ்லாவிய, ரோமானிய மொழிகள். நடுவில் எவரோடும் ஒட்டாத ஹங்கேரிய மொழி. எங்கிருந்து வந்தோம், நமக்கு உறவு யார் என்ற கேள்வி அந்தத் தலைமுறைக்கு ஒரு காய்ச்சலாகவே இருந்தது. சோமா நஜ்யெனெட் ஊர்க் கல்லூரியில், ஏழை மாணவர்கள் எடுபிடி வேலை செய்து படிக்கும் முறையில் படித்தார். 1816லிருந்து 1818 வரை உபகாரச் சம்பளத்தில் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். அங்கே அராபி படித்தார். ஆசியாவின் நடுவில் எங்கோ ஹங்கேரியரின் ஆதி ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிப்பது தன் வேலை என்ற தீர்மானத்தோடு திரும்பினார்.

இந்தக் கேள்விக்கான பதில், அவர் கோட்டிங்கனில் கால் வைக்கும் முன்பே அச்சாகியிருந்தது. 1769ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடிக்குப் போன ஷாய்னோவிச் என்ற ஹங்கேரியப் பாதிரியார், அங்கே லாப் மக்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களுடைய மொழியும் ஹங்கேரியமும் உறவு என்று 1770ல் ஒரு நூல் எழுதினார். வானத்தைப் பார்க்கப் போனவர் காதில் மொழி விழுந்தது. 1799ல் ஜார்மதி என்ற டிரான்ஸில்வேனிய வைத்தியர் ஹங்கேரியத்துக்கும் ஃபின்லாந்துப் பக்கத்து மொழிகளுக்கும் உள்ள உறவை, சொற்களின் ஜாடையை மட்டும் நம்பாமல் இலக்கண அமைப்பைக் கொண்டு நிறுவினார். அந்த நூல் வெளியான இடம் இதே கோட்டிங்கன். ஆக, மூதாதையரின் விலாசம் வடக்கே இருந்தது. ஆனால் அட்டிலாவின் வாரிசுகளுக்கு மீன் பிடித்துப் பிழைக்கும் பனிக்காட்டுச் சொந்தம் ருசிக்கவில்லை. 'மீன் எண்ணெய் நாறும் உறவு' என்று ஹங்கேரியில் ஒரு கேலிப்பேச்சே பின்னால் உண்டாயிற்று. உறவு கிடைப்பது போதாது, கௌரவமான உறவாக இருக்க வேண்டும். சோமாவும் இந்த மனோபாவத்துக்கு விலக்கானவர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1856ல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளை 'சித்தியன்' என்ற ஒரு பெருங்குடும்பத்தோடு சேர்த்து, அதிலும் ஃபின்னிய, உக்ரியக் கிளைக்கே தமிழ் மிக நெருக்கம் என்றார். ஹங்கேரியம் அந்தக் கிளையைச் சேர்ந்தது. கால்டுவெல்லின் மற்ற முடிவுகளை மேடைதோறும் முழங்கியவர்கள் இந்த முடிவைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை. மொழியியலாளர்கள் இதைப் பின்னால் ஏற்கவுமில்லை. அது வேறு விஷயம். நமக்கும் மீன் எண்ணெய் நாற்றம் பிடிக்கவில்லை என்பதையும், மூழ்கிப்போன கண்டம் என்றால் உடனே பிடித்துப் போயிற்று என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

1819 நவம்பரில் சோமா புறப்பட்டார். வழியை வேகமாகச் சொல்லிவிடலாம். புக்காரெஸ்ட். கான்ஸ்டாண்டிநோபிளில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு விலகி, கப்பலில் அலெக்ஸாண்ட்ரியா. அங்கேயும் கொள்ளைநோய். ஸிரியா வழியாக அலெப்போ, மோஸூல். டைக்ரிஸ் நதியில் மிதவையில் பாக்தாத். 1820 அக்டோபரில் டெஹ்ரான். அங்கே தன் புத்தகங்களையும் பாஸ்போர்ட்டையும் விட்டுவிட்டு, கிழக்கத்திய உடைக்கு மாறி, ஸிக்கந்தர் பேக் என்ற பெயரில் நடந்தார். அலெக்ஸாண்டர்தானே ஸிக்கந்தர். 1821 நவம்பரில் புகாரா. ரஷ்யப் படை வருகிறது என்ற வதந்தியால் ஐந்தே நாளில் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. 1822 ஜனவரியில் காபூல், மார்ச்சில் லாஹூர், பிறகு காஷ்மீர், ஜூனில் லடாக்கின் தலைநகரான லே. பெரும்பாலும் கால்நடை, அல்லது வணிகக் கூட்டங்களோடு ஒட்டிக்கொண்டு. லேயிலிருந்து யார்க்கந்துக்குப் போனால் மத்திய ஆசியா. அங்கேதான் அவருடைய மூதாதையர் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த வழி செலவு மிகுந்தது, கிறிஸ்தவனுக்கு ஆபத்தானது என்று லேயில் தெரிந்தது. கையில் பணம் இல்லை. திரும்பினார்.

திரும்பும் வழியில், 1822 ஜூலை 16 அன்று, த்ராஸ் அருகே வில்லியம் மூர்கிராஃப்டைச் சந்தித்தார். மூர்கிராஃப்ட் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட கால்நடை வைத்தியர். நல்ல குதிரை வாங்க என்ற பெயரில் மத்திய ஆசியா முழுக்கச் சுற்ற ஆசைப்பட்டவர். ரஷ்யா எந்தக் கணவாய் வழியாக இறங்கிவிடுமோ என்ற கவலை அவருக்கு எப்போதும். அவருக்காக சோமா ரஷ்யக் கடிதம் ஒன்றை லத்தீனில் மொழிபெயர்த்தும் கொடுத்திருக்கிறார். திபெத்திய மொழி தெரிந்த ஒருவர் கம்பெனிக்கு வேண்டும் என்று மூர்கிராஃப்ட் நினைத்தார். சோமாவுக்கு வேறு கணக்கு. திபெத்திய நூல்களில் தன் ஜனங்களைப் பற்றி ஏதாவது கிடைக்கலாம். மூர்கிராஃப்ட் தன்னிடமிருந்த ஒரே புத்தகத்தைக் கொடுத்தார்: 1762ல் ரோமில் ஜார்ஜி என்ற பாதிரியார் லத்தீனில் வெளியிட்ட திபெத்திய எழுத்து பற்றிய நூல். பிழைகள் மலிந்த, பிரம்மாண்டமான நூல். அதைப் படித்துவிட்டு, படித்தது போதாது என்று சோமாவுக்குப் புரிந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். 1823 ஜூன் 20ம் தேதி அவர் ஸன்ஸ்காரில் ஸாங்லா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்.

லடாக்கின் தெற்குப் பகுதியில், இமயத்தின் பெருந்தொடருக்கு அப்பால், மழை மறைவில் கிடக்கும் பள்ளத்தாக்கு ஸன்ஸ்கார். பருவமழை மலைக்கு இந்தப் பக்கமே தங்கிவிடும். பாலைவனம் என்றதும் நாம் மணலையும் ஒட்டகத்தையும் நினைக்கிறோம். இது பாறையும் சரளையும் கொண்ட குளிர்ப் பாலைவனம். பனி உருகி ஓடை எங்கே இறங்குகிறதோ அங்கே கையகலத்துக்கு ஒரு வாற்கோதுமை வயல், சில வீடுகள், மேலே பாறையில் ஒரு மடம். மற்றதெல்லாம் வெறும் பழுப்பு. சோமா காலத்தில் குளிர்காலம் வந்தால் கணவாய்கள் மூடிவிடும். வெளியே வர வேண்டுமென்றால் உறைந்த ஆற்றின் மேல் நடந்து வர வேண்டும். ஸாங்லாவில் சிற்றரசரின் கோட்டை ஒன்று மேட்டில் நிற்கிறது. 2008 முதல் ஹங்கேரியிலிருந்து வந்த தொண்டர்கள் அதைப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கினார்கள்.

பின்னாளில் சோமாவைச் சந்தித்த டாக்டர் ஜெரார்ட் அந்த அறையை விவரித்து எழுதியிருக்கிறார். ஒன்பது அடிக்கு ஒன்பது அடி. அதில் மாணவர், ஆசிரியர், ஒரு வேலையாள். மூன்று நான்கு மாதங்கள் வெளியே தலைகாட்ட முடியாத பனி. கணப்பு இல்லை. இருட்டிய பிறகு விளக்கு இல்லை. ஆட்டுத்தோல் போர்வைக்குள் கைகளை மடக்கிக்கொண்டு காலையிலிருந்து அந்திவரை படிப்பு. திபெத்தியப் புத்தகம் தைக்கப்பட்டதல்ல. நம் ஏட்டுச்சுவடி மாதிரி நீளவாட்டில் தனித்தனி இதழ்கள், மேலும் கீழும் பலகை. ஒரு இதழ் முடிந்தால் அதை எடுத்துப் புரட்டி வைக்க வேண்டும். போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து இதழைப் புரட்டுவதே அந்தக் குளிரில் ஒரு பெருங்காரியமாக இருந்தது என்று ஜெரார்ட் சொல்கிறார். தவசியைத் தேடுகிறவர்கள் இங்கே குளிரைப் பார்க்கிறார்கள். நான் அந்த இதழ்களைப் பார்க்கச் சொல்கிறேன். அவற்றில் என்ன இருந்தது?

திபெத்திய எழுத்து ஏழாம் நூற்றாண்டு வாக்கில் இந்திய எழுத்து முறையிலிருந்து அமைந்தது. அதற்குப் பிறகு பேச்சு நகர்ந்துகொண்டே போயிற்று. எழுத்து அநேகமாக அங்கேயே நின்றுவிட்டது. எழுதும்போது முன்னொட்டாகவும் தலையிலும் வரும் மெய்கள் லாஸாவில் பேசும்போது மறைந்துவிடும். குதிரைக்கு எழுதுவது 'ர்த', லாஸாவில் சொல்வது 'தா'. ஆனால் லடாக்கில் 'ஸ்தா' என்பார்கள். அதாவது தலைநகரம் தொலைத்துவிட்ட பழைய ஒலிகளின் தடம் மேற்கோரத்தில் இந்தப் பாலைவனத்தில் மிஞ்சியிருந்தது. லாஸாவுக்குப் போக முடியாமல் ஓரத்தில் படிக்க நேர்ந்தது மாணவருக்கு நஷ்டமாக இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். சோமா படித்தது பெருமளவுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மொழி. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் திபெத்திய அரசர்கள் ஸம்ஸ்கிருத பௌத்த நூல்களை மொழிபெயர்க்க இந்தியப் பண்டிதர்களையும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர்களையும் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்கள். ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வந்து குழம்பியதும், 'மஹாவ்யுத்பத்தி' என்ற ஸம்ஸ்கிருத-திபெத்தியச் சொற்கோவையைத் தயாரித்தார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஸம்ஸ்கிருதத்தை அப்படியே ஒலிபெயர்த்துக்கொள்ளாமல் தங்கள் மொழியின் வேர்களிலிருந்து சொல் செய்தார்கள். புத்தர் என்பதற்கு 'ஸங்க்யே'. 'ஸங்' என்றால் தெளிந்த, விழித்த. 'க்யே' என்றால் விரிந்த, மலர்ந்த. ஒரு வேர்ச்சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் விடாமல் பிடித்து ஒரு சொல்லாக்கியிருக்கிறார்கள். லாமாவின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம். நம் கலைச்சொல் கமிட்டிகள் கூடிக் கலைந்த வரலாற்றை நினைத்தால் ஒரு பெருமூச்சு வருகிறது. அங்கே கமிட்டி செய்த சொல்லில் மொழி ஆயிரம் வருஷம் வாழ்ந்தது.

இந்த மொழிபெயர்ப்புகளின் தொகுதிகள் இரண்டு. புத்தரின் வாக்காகக் கருதப்படுபவை 'காங்யூர்', சுமார் நூறு சம்புடங்கள். உரைகளும் சாஸ்திரங்களும் 'தெங்யூர்', 225 சம்புடங்கள். ஸம்ஸ்கிருத மூலம் காணாமல் போன எத்தனையோ நூல்கள் இவற்றில் உயிரோடு இருக்கின்றன. தெங்யூரில் பௌத்தம் மட்டும் இல்லை. வைத்தியம், இலக்கணம், காளிதாசனின் மேகதூதம், தண்டியின் காவ்யாதர்சம் எல்லாம் உண்டு. காஞ்சியில் பல்லவர் அவையோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தத் தண்டியின் நூல்தான் தமிழில் தண்டியலங்காரத்துக்கு மூலம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது திபெத்தியத்துக்குப் போய், அங்கே கவிஞர்களின் பாடப்புத்தகமாயிற்று. அணி இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் கொடுமையை நாம் தமிழ்ப் புலவர் வகுப்புக்கு மட்டும் உரித்தானது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸங்க்யே புந்த்ஸோக் மடத்துக்குள்ளேயே காலம் கழித்தவர் அல்ல. வைத்தியர். சோமாவை விட மூத்தவர். திபெத், பூடான், நேபாளம் என்று வருஷக்கணக்கில் அலைந்தவர். அவரும் ஸன்ஸ்காரின் மற்ற இரண்டு லாமாக்களும் இந்த அன்னிய மாணவனுக்காகத் தங்கள் கைப்படப் பாடநூல்கள் எழுதினார்கள். இலக்கணம், வைத்தியம், சோதிடம், பௌத்தத் தத்துவம் ஆகியவற்றின் சுருக்கங்கள். ஸிக்கந்தர் கேட்ட கேள்விகளுக்கு விடை என்ற வடிவத்திலும் அவற்றில் ஒன்று உண்டு. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஐரோப்பியன் கேட்டான், சுதேசி சொன்னான், ஐரோப்பியன் எழுதிக்கொண்டான் என்பதுதான் வழக்கமான சித்திரம். இங்கே சுதேசி எழுதினார். தன் சாஸ்திர மரபில், தன் வகைப்பாட்டில், ஒரு மாணவனுக்கு எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்ல வேண்டும் என்று தீர்மானித்து எழுதினார். சோமா தன்னைப் 'புற நாட்டு மாணவன்' என்ற பொருள்படும் திபெத்தியப் பெயராலும் அறியச் செய்தார். ஆராய்ச்சியாளன் அல்ல, மாணவன்.

பதினாறு மாதங்கள் கழித்து, 1824 அக்டோபரில், சோமா குளிரை நினைத்துக் கீழே இறங்கினார். லாமா பின்னாலேயே வருவதாகப் பேச்சு. பனி கணவாயை மூடிவிட்டது. லாமா வரவில்லை. மாணவர் மட்டும் ஸிம்லாவுக்குக் கீழே உள்ள சபாத்து என்ற ராணுவ முகாமுக்கு நவம்பரில் வந்து நின்றார். கிழக்கத்திய உடை, ஐரோப்பிய முகம், எந்த அரசாங்கத்தின் தாளும் கையில் இல்லாத ஆள். காப்டன் கென்னடி அவரை மரியாதையாகவே நடத்தினாலும், மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்வரை நகர விடவில்லை. நீ யார், எதற்கு வந்தாய், என்ன செய்யப் போகிறாய் என்று எழுதித் தரச் சொன்னார்கள். 1825 ஜனவரியில் சோமா அதை எழுதிக் கொடுத்தார். நஜ்யெனெட்டிலிருந்து ஸன்ஸ்கார் வரைக்குமான அவருடைய பிரயாணம் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கடிதத்திலிருந்து வருவதுதான். அவர் சுயசரிதை எழுதவில்லை. பிரயாண நூல் எழுதவில்லை. ஒரு சந்தேகத்துக்குப் பதிலாகத் தந்த வாக்குமூலம்தான் மிச்சம். அதன் வறண்ட நடையை, வந்த தேதி புறப்பட்ட தேதி என்று மட்டும் போகும் அந்த நடையை, அடக்கம் என்று டூகா முதலானவர்கள் பாராட்டுகிறார்கள். அதிகாரிக்கு விளக்கம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நடை வேறு காரணத்தால் புரியும்.

கடைசியில் கம்பெனி மாதம் ஐம்பது ரூபாய் அனுமதித்தது. அகராதி, இலக்கணம், திபெத்திய இலக்கியத்தைப் பற்றிய ஒரு அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும். மூர்கிராஃப்ட் அதே 1825ல் ஆப்கன் துர்க்கிஸ்தானில் இறந்துபோனார். சோமா திரும்பவும் ஸன்ஸ்கார் போனார். ஃபுக்தால் மடத்திலும் பக்கத்து ஊரிலும் 1826 கடைசிவரை இருந்தார். குகை வாயில் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் மடம் அது. இந்த முறை பலன் குறைவு. லாமாவுக்குத் தன் ஜோலி இருந்தது, மாணவருக்கு ஒதுக்க நேரம் இல்லை. சோமா மனம் சலித்துத் திரும்பினார். ஆசிரியரும் மாணவரும் நிழலும் உருவுமாக இருந்தார்கள் என்று கதை சொல்ல நினைப்பவர்கள் இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். படிப்பு நிஜமாக நடந்த இடத்தில் இப்படி மனஸ்தாபமும் இருக்கத்தான் செய்யும்.

1827லிருந்து 1830 வரை, கின்னௌரில் கனம் என்ற மலை கிராமம். அங்கிருந்த மடத்தில் காங்யூர், தெங்யூர் இரண்டும் இருந்தன. லாமா இங்கே வந்து சேர்ந்தார். 1828ல் போய்ப் பார்த்த ஜெரார்ட், சோமாவின் வரவு செலவையும் எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு என்பதால் இது என் கண்ணில் படுகிறது. மாதம் வரவு 50. அதில் லாமாவுக்கு 25. சரிபாதி. மிச்சத்தில் வேலையாள், வாடகை, காகிதம் எல்லாம் போகத்தான் தன் சாப்பாடு. ஜெரார்ட் பரிதாபப்பட்டுக் கொடுக்க வந்த சாமான்களை மறுத்துவிட்டார். தியாகம் என்று இதையும் ஒரு தட்டில் வைக்கலாம். எனக்கு இது பேரேட்டில் நியாயமாகப் பதிவான கணக்காகத் தெரிகிறது. இந்த வேலை இரண்டு பேருடையது, சம்பளமும் அப்படியே. 1834ல் முகப்புப் பக்கத்தில் அச்சானது இந்தக் கணக்குத்தான்.

இதற்கிடையில் 1826ல் ஸெராம்பூரில் வேறொரு திபெத்திய அகராதி அச்சாகியிருந்தது. கத்தோலிக்கப் பாதிரிமார் இத்தாலிய மொழியில் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதியை வைத்து, அந்த மொழியே தெரியாதவர்கள் பதிப்பித்தது. திபெத்திய மொழியில் முதல் அகராதி என்ற பெருமை அதற்குப் போயிற்று. நம்பிப் படிக்க முடியாத அகராதி என்ற பெயரும் அதற்கே கிடைத்தது. முந்திக்கொள்வதில் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

1831ல் சோமா கல்கத்தா வந்தார். ஆசியக் கழகத்தில் ஹோரேஸ் வில்ஸன், பிறகு ஜேம்ஸ் பிரின்ஸெப் காலத்தில், அகராதியும் இலக்கணமும் ஐந்நூறு பிரதிகள் அச்சாயின. அகராதி முன்னுரையில் ஒளிவுமறைவு இல்லாமல் ஒன்று சொல்கிறார்: திபெத்திய மொழி படிப்பது தன் ஆரம்பத் திட்டத்தில் இருக்கவில்லை, ஹங்கேரியரின் தோற்றத்தை ஆராய அது உதவும் என்ற நம்பிக்கையில்தான் அதில் இறங்கினேன் என்று. சொல்லிவிட்டு அந்த விஷயத்தை முன்னுரையோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்குப் பிறகு வருவது திபெத்தியச் சொல், அதன் பொருள். இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினம் என்று, சொற்களின் ஜாடையைக் கண்டு உலக மொழிகளை எல்லாம் தங்கள் மொழியில் பிறக்க வைத்தவர்களின் புத்தகங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக ஒரே கனவை வைத்துக்கொண்டிருக்கும் மனிதர். எதிரே வளைந்து கொடுக்கும் ஆயிரக்கணக்கான சொற்கள். எந்தச் சொல்லையும் அவர் தன் பக்கம் இழுக்கவில்லை. ஸாங்லாவின் படிப்பு அவரிடம் உண்டாக்கிய மாற்றம் என்று நான் எதையாவது சுட்ட வேண்டுமென்றால் இதைத்தான் சுட்டுவேன். மொழி தன் மூதாதையரின் சாட்சியாக வந்து நிற்க வேண்டியதில்லை. அது பேசுகிறவர்களுடைய மொழி. பெயரும் முகப்பில் இருக்கிறது.

1836லும் அடுத்த சில வருஷங்களிலும் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் காங்யூர், தெங்யூர் பற்றிய அவருடைய ஆய்வுகள் வந்தன. ஐரோப்பாவின் பௌத்த ஆராய்ச்சி அவற்றின் மேல் ஏறி நின்றுதான் மேலே போயிற்று. ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஷ்மிட் 1839ல் இலக்கணமும் 1841ல் அகராதியும் வெளியிட்டபோது அவருக்கு அடியில் இருந்தது கல்கத்தாப் பதிப்புகள். சோமா தயாரித்த மஹாவ்யுத்பத்தியின் ஆங்கில வடிவம் மட்டும் கழகத்தின் அலமாரியில் கிடந்தது. 1910ல் முதல் பகுதி வெளிவந்து, 1944ல்தான் முடிந்தது.

ஆனால் கனவு போகவில்லை. 1842ல், ஐம்பத்தெட்டு வயதில், லாஸாவுக்குப் புறப்பட்டார். அங்கிருந்து இன்னும் அப்பால், யூகர் என்ற ஒரு ஜனத்தைத் தேடி. ஹங்கேரியர், யூகர் என்ற இரண்டு பெயர்களின் ஜாடையில் அவருக்கு நம்பிக்கை. அகராதியில் ஒரு சொல்லைக்கூட ஜாடைக்காக வளைக்காதவர், சொந்த ரத்தம் என்று வந்ததும் ஜாடையை நம்பினார். இந்த முரண்பாட்டைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. மார்ச் 24ம் தேதி டார்ஜிலிங் வந்தார். வழியில் தராய் காட்டில் பிடித்த காய்ச்சல். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் காம்ப்பெல்லிடம், உடம்பு கொஞ்சம் தேறியிருந்த நாட்களில், ஹூணர், யூகர் என்று உற்சாகமாகப் பேசியிருக்கிறார். ஏப்ரல் 11 அதிகாலையில் இறந்தார். காம்ப்பெல் எடுத்த பட்டியலில் நான்கு பெட்டி புத்தகங்களும் தாள்களும், உடுத்தியிருந்த நீல உடுப்பு, சில சட்டைகள், ஒரு சமையல் பாத்திரம். ஐயாயிரம் ரூபாய்க்கு அரசாங்கக் கடன் பத்திரம் பற்றிய ஒரு குறிப்பும், இடுப்பில் கட்டியிருந்த சில தங்க நாணயங்களும் இருந்தன. காசில்லாமல் இறந்தார் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுவார்கள்.

அடுத்த வருஷமே, 1843ல், ரெகுலி என்ற இன்னொரு ஹங்கேரியர் யூரல் மலைப் பக்கம் போய், மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழும் மான்ஸி, காந்தி மக்களிடையே தங்கி, ஹங்கேரியத்தின் மிக நெருங்கிய உறவு மொழிகளை எழுதிக்கொண்டு வந்தார்.

சோமா ஊர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் கல்கத்தாவில் இருந்தபோது தன்னிடமிருந்த திபெத்தியச் சுவடிகளில் நாற்பதுக்குப் பக்கமானவற்றை, ஆசியக் கழகத்தில் பழக்கமான மாலன் என்ற பாதிரியாருக்குக் கொடுத்திருந்தார். மாலன் அவற்றைப் பல வருஷங்கள் வைத்திருந்து, 1884ல் புதாபெஸ்டில் ஹங்கேரிய அறிவியல் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். ஸன்ஸ்கார் லாமாக்கள் தங்கள் மாணவனுக்காக எழுதிய பாடநூல்கள் அவற்றில் இருந்தன. 1976ல் யோஜெஃப் தெர்யேக் என்ற ஹங்கேரிய அறிஞர் அவற்றை புது தில்லியில் வெளியிட்டார். எழுதியவர்கள் பெயர் அதிலும் இருக்கிறது.